பித்தளைக் கழுத்து

நடுப்பகலில் ஷெட்டின் ஒரே சன்னலுக்குக் கம்பளியை வைத்து ஆணியடித்துக்கொண்டிருந்தார் ஓர்வல் ஸ்டெனருட். யாராவது பார்த்திருந்தால் கிழவருக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லை. மாண்டானாவின் அந்த மூலையில் அடுத்த வீடு என்பது இரண்டு கோதுமை வயல்களுக்கு அப்பால். அந்த வீட்டிலும் இப்போது வாடகைக்குக்கூட ஆள் கிடையாது.

இருட்டு வேண்டியிருந்தது அவருக்கு. பித்தளையைத் தீயில் காட்டி இளக்கும்போது அது எந்த நொடியில் இளகுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் அது தெரியாது. தெரியும் என்று சொல்கிறவன் ஒன்று பொய் சொல்கிறான், இல்லையென்றால் இதுவரை பித்தளையைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறான்.

விஷயம் இதுதான். துப்பாக்கியில் சுட்ட பிறகு தோட்டாவின் பித்தளைக் கூடு மிஞ்சும். அதைத் தூக்கிப் போடாமல் மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்து போட்டு, வாயில் புதுக் குண்டை உட்கார வைத்தால் மறுபடி தோட்டா. குண்டைப் பிடித்துக்கொள்வது கூட்டின் கழுத்து. ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துப்போகும், மனிதக் கழுத்தைப் போலவே. விறைத்த கழுத்து குண்டை ஒழுங்காகப் பிடிக்காது. ஒன்று இறுக்கும், இன்னொன்று நழுவ விடும், ஒன்று வாய் பிளந்து கீறிப்போகும். கிட்டத்தில் சுட்டால் பெரிதாகத் தெரியாது. மானும் நீங்களும் ஒரு பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கமாக நிற்கும்போது ஒரு குண்டு மேலே போகும், இன்னொன்று தாழப் போகும். ஆகவே கழுத்தை மட்டும் தீயில் காட்டி இளக்க வேண்டும். அடிப்பாகத்துக்குச் சூடு இறங்கிவிடக் கூடாது. அது விறைப்பாக இருந்தால்தான் சுடுகிறவன் முகம் தப்பும்.

இந்தக் கூடுகள் ஓர்வலின் துப்பாக்கிக்கானவை அல்ல. மகள் மாரிட்டின் துப்பாக்கிக்கானவை. ராபர்ட்ஸ் என்று ஒரு பழைய ரகம். பெண்பிள்ளையின் தோளுக்கு இடிக்காது என்று அவளுக்குப் பன்னிரண்டு வயதில் வாங்கிக் கொடுத்தது. பதினைந்து வயதில் அம்மா கார்லீனோடு அவள் பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்குப் போனபோது துப்பாக்கியும் கூடப் போனது. கூடுகள் மட்டும் காபி டின் ஒன்றில் இங்கேயே தங்கிவிட்டன. கார்லீன் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. "உன்கூட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்கு ஓர்வல்" என்றாள், போய்விட்டாள். பிறகு ராய்ஸ் டுப்ரே என்கிற ஓய்வுபெற்ற லேத்துக்காரரைக் கட்டிக்கொண்டாள். மாரிட் முதலில் கோடைக்குக் கோடை வந்தாள். அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் என்று ஆனது. இப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது.

அவள் வருகிறாள். இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி. "உன் பக்கம் மான் அனுமதி கிடைச்சிருக்குப்பா. உன்னோட வேட்டைக்கு வரலாம்னு பாக்கறேன்" என்று போனில் சொன்ன நாளிலிருந்து ஓர்வலுக்கு நிலைகொள்ளவில்லை.

அந்தப் பக்கத்துக்காரர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவன் நிரப்பிய தோட்டாவை இன்னொருவன் சுடமாட்டான். வண்டியை இரவல் கேட்பான், குதிரையைக் கேட்பான், கூச்சமில்லாமல் கடனும் கேட்பான். தோட்டாவை மட்டும் தொடமாட்டான். அவன் எந்த ஞாபகத்தில் மருந்தைக் கொட்டினானோ, யார் கண்டது? வெடிப்பது நம் கன்னத்துக்குப் பக்கத்தில் அல்லவா! ஆனால் வீட்டுக்குள் அந்தச் சட்டம் கிடையாது. ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள் ஒரே கை நிரப்பிய தோட்டாவைச் சுடலாம். கார்லீன் சுட்டிருக்கிறாள், மாரிட்டும் சுட்டிருக்கிறாள். அவர்கள் போனபின் ஓர்வல் தனக்குத் தானே நிரப்பிக்கொள்கிறார்.

அவருடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். தான் நிரப்பிய தோட்டாவை மாரிட் சுட வேண்டும். சுட்டால் அவள் இன்னும் இந்த வீட்டுப் பெண். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அதற்காகத்தான் வாரம் முழுக்க ஷெட்டைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பித்தளையைக் காட்டும் ஊதுவிளக்குக்குக் கேஸ் தீர்ந்திருந்ததால் புதன்கிழமை லைல் கோல்ஸ்டாட்டின் தீவனக் கடைக்குப் போனார். கடையில் மாட்டுத் தீவனமும் முள்கம்பியும் வேட்டைச் சாமானும் ஒன்றாகக் கிடக்கும். லைலும் அவற்றின் நடுவே ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"என்னய்யா, இவ்வளவு கேஸு? வீட்டக் கொளுத்தப் போறியா?"

"பொண்ணு வரா."

"பொண்ணு வந்தா வீட்டக் கூட்டிப் பெருக்குவாங்க. கொளுத்துறதை இப்பத்தான் கேள்விப்படறேன்."

"ராபர்ட்ஸ் தோட்டா இருக்கா லைல்?" இருக்கக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டுதான் கேட்டார்.

"இருந்தா உனக்கா குடுப்பேன்? கண்ணாடிப் பெட்டியில வச்சு, பாக்க வர்றவனுக்கு டிக்கெட் போட்டிருப்பேன். ரெண்டு வருஷமா ஒரு டப்பா வரல. அப்படி ஒரு ரகம் இருக்கிறதே கம்பெனிக்காரனுக்கு மறந்துபோச்சு. இங்கருந்து ஐடஹோவத் தாண்டி ஸ்போகேன் வரைக்கும் எந்தக் கடையிலயும் கிடைக்காது, கேட்டுப் பாத்துட்டேன்."

ஓர்வலுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. முகத்தை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டார்.

"அப்ப நாந்தான் நிரப்பணும் போல."

"நிரப்பு, நிரப்பு. உன் தோட்டாவை நீ சும்மா குடுத்தாலும் நான் சுடமாட்டேன், தெரியும்ல?"

"உன்னோடத மேல காசு வச்சுக் குடுத்தாக்கூட நான் சுடமாட்டேன்."

"அப்பிடி வா வழிக்கு" என்று லைல் சிரித்தார். பிறகு கேஸைப் பையில் போட்டபடி, கொஞ்சம் குரல் தணிந்து, "வந்தா இங்க கூட்டிட்டு வாய்யா. நான் பாத்தப்ப அவளுக்குப் பல்லுல கம்பி" என்றார். கூட்டி வருகிறேன் என்றார் ஓர்வல். கூட்டிப் போய்க் காட்ட ஒரு மகள் இருப்பதே அவருக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது கம்பளியை மாட்டிவிட்டு வேலையில் உட்கார்ந்தார். டிரில் மெஷினின் வாயில் ஒரு கிண்ணம் போன்ற இரும்பு. அதற்குள் கூட்டின் அடிப்பாகம் அமர்ந்துகொள்ளும், கழுத்து மட்டும் வெளியே நிற்கும். டிரில்லை மெதுவாகச் சுற்றவிட்டு, கழுத்தை நீலத் தீயின் நுனியில் காட்டுவார். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு பித்தளையில் ஒரு நிழல் ஓடும். அதன்பின், இருட்டில் மட்டும் தெரிகிற மாதிரி, சிவப்பு என்றும் சொல்ல முடியாத ஒரு சாயல். அது சிவப்பாக மலர்வதற்குள் கையைச் சாய்த்துத் தண்ணீர்த் தட்டில் போட்டுவிட வேண்டும். சொய்ங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் வேலை. மலர விட்டுவிட்டால் கழுத்து சேமியாவாகிவிடும், குண்டைப் பிடிக்கவே பிடிக்காது. எத்தனை முறை தீயில் காட்டினாலும் போன விறைப்பு அதற்குத் திரும்பாது.

பாதி டின் முடிந்திருந்தது. கையும் கண்ணும் ஒரு தாளத்துக்கு வந்திருந்தன. அந்த நேரம் பார்த்து மேசையிலிருந்த போன் நடுங்கிக்கொண்டு வெளிச்சம் போட்டது. மாரிட் என்று பெயர் தெரிந்தது. ஓர்வல் பெயரைப் பார்த்தார். தீயைப் பார்க்கவில்லை. திரும்பியபோது கழுத்து ஆரஞ்சுப் பழமாக எரிந்துகொண்டிருந்தது. அப்படியே தட்டில் கவிழ்த்து, முழங்கையால் தட்டை இடித்து, ஊதுவிளக்கை அணைத்து, போன் நின்றுவிடுவதற்குள் எடுத்தார்.

"அப்பா, நாந்தான்."

"சொல்லும்மா."

"வெள்ளி ராத்திரி வர முடியாது போல. பல் ஆஸ்பத்திரியில லீவு குடுக்க மாட்டேங்கறாங்க. நடு வழியில தங்கிட்டு சனிக்கிழமை காலையில நேரா வந்துடறேன்."

"சரிம்மா."

"கோவமா?"

"இல்ல. கையில வேலை."

"ஷெட்லதான இருக்க?"

"ம்."

"அதான பாத்தேன்." சிரித்தாள். "சரிப்பா, வைக்கட்டுமா?"

"வை" என்றார். வைத்தபின் அவருக்குக் கேட்க நூறு விஷயம் ஞாபகம் வந்தது. சாப்பிட என்ன பிடிக்கும், இன்னும் காபியில் பால் ஊற்றுகிறாளா, முதுகுவலி என்று சொன்னாளே அது என்னவாயிற்று. எல்லாருக்கும் வாயால் பேச வருகிறது, இவருக்குப் போனை வைத்த பின்தான் வருகிறது. என்ன ஜன்மமோ!

கம்பளியைத் தூக்கி வெளிச்சத்தில் தட்டைப் பார்த்தார். இடித்ததில் கூடுகள் எல்லாம் கலைந்து கிடந்தன. எரிந்தது இதுதான் என்று ஒன்றைப் பார்த்துத் தோன்றியது. அடுத்ததும் அப்படித்தான் தெரிந்தது. மூன்றாவதையும் அதுவல்ல என்று தள்ள மனம் வரவில்லை. தனக்கென்றால் அந்த மூன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை நிரப்பியிருப்பார். மகளுக்கு அப்படிச் செய்ய முடியுமா? இடுக்கியை எடுத்து, தட்டிலிருந்த ஒவ்வொரு கழுத்தையும் நசுக்கிக் குப்பையில் போட்டார். யார் கையிலும் தவறிப்போய்க்கூட நிரம்பிவிடக் கூடாது என்பதற்காக அப்படி நசுக்குவது வழக்கம். நல்ல கூடுகளும் அதில் போயின. மிச்சமிருந்த பாதி டின்னை எடுத்து வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை போனை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அது அடித்தால் என்ன செய்வது என்று நடுநடுவே காதைத் தீட்டிக்கொண்டும் இருந்தார்.

மறுநாள் அளவுக்குக் கொண்டுவந்தார், கழுத்தின் உள்வாயைச் சீவி வழுவழுப்பாக்கினார், கேப்பு வைத்தார், மருந்தைத் தராசில் பொட்டுப் பொட்டாக நிறுத்தார். கடைசியாகக் குண்டு. பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்தும்போது குண்டு கழுத்துக்குள் இறங்குவது உள்ளங்கையில் தெரியும். கல்யாண மோதிரம் விரல் கணுவைத் தாண்டி இறங்குகிற மாதிரி ஒரு சின்ன எதிர்ப்பு, பிறகு ஒரே சீராக ஒரு இறக்கம். எது அந்த மாதிரி இறங்கவில்லையோ அதை ஒதுக்கினார். முடிவில் மிஞ்சியது ஒரு டஜன். ஒரு டஜனும் ஒரே பிடி. நெடுநாளாக அவர் இவ்வளவு நல்ல வேலை செய்ததில்லை. சின்ன அட்டைப் பெட்டியில் அடுக்கி, அதைத் தன் வேட்டைக் கோட்டின் வலது பையில் வைத்தார்.

மாரிட் சொன்னபடி சனிக்கிழமை காலையில் வந்தாள். வண்டியிலிருந்து இறங்கியவளை ஓர்வல் பார்த்தார். கார்லீனின் நெற்றி, அவருடைய அம்மாவின் நடை. கட்டிக்கொண்டார்கள். இரண்டு பேரும் கோட்டு போட்டிருந்ததால் அது இரண்டு மெத்தைகள் கட்டிக்கொண்டது போல இருந்தது.

"இளைச்சிட்டப்பா."

"நீ வளந்துட்ட."

"அதெல்லாம் எப்பவோ வளந்து முடிச்சிட்டேன்." ஒரு ஜாடியை நீட்டினாள். "அம்மா ஹக்கிள்பெர்ரி ஜாம் குடுத்துவிட்டா."

"அவ எப்பவும் சக்கரை அதிகமாப் போடுவா."

"அதையும் சொன்னா. அவர் இப்பிடிச் சொல்லுவாரு, ஆனா ஜாடியக் காலி பண்ணிடுவாருன்னா."

ஓர்வல் சிரித்துவிட்டார். பான்கேக் சுட்டு வைத்திருந்தார். ஜாமைத் தடவிச் சாப்பிட்டார்கள். சக்கரை அதிகம்தான். ஆனாலும் இரண்டாம் முறையும் தடவிக்கொண்டார். மாரிட் ஷெட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. அவரும் அழைக்கவில்லை. சாப்பிட்டதும், மானைத் தேடிப் போகுமுன் துப்பாக்கி குறி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஜல்லிப் பள்ளத்துக்கு வண்டியில் போனார்கள்.

அட்டையில் ஒரு வட்டத் தாளை ஒட்டித் தூரத்தில் நிறுத்திவிட்டு ஓர்வல் திரும்பி வந்தார். இதுதான் நேரம். கை கோட்டுப் பைக்குள் போயிற்று. பெட்டியின் மூலை விரலில் பட்டது. "தோட்டாவுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் கொண்டுவந்துட்டேன்பா" என்றாள் மாரிட். ஒரு பச்சை பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "கடையில வாங்கினது."

"எந்தக் கடையில?"

"அங்கதான்... லூயிஸ்டன்ல ஒரு கடை."

"நல்லது" என்றார். கை பைக்குள்ளேயே இருந்தது. இனி அதை வெளியே எடுப்பது எப்படி என்று தெரியவில்லை. கடைத் தோட்டா வைத்திருப்பவளிடம் வீட்டுத் தோட்டாவை நீட்டுவது, உன் பணம் வீண், நீ வாங்கியது மட்டம் என்று சொல்வது மாதிரி. வந்த முதல் மணி நேரத்திலேயே அப்படியா?

அவள் படுத்துச் சுட்டாள். நிதானமாக, மூச்சை விட்டு, மூன்று முறை. மூன்று துளைகளையும் ஒரு வெள்ளி நாணயத்தால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். இத்தனை வருஷம் துப்பாக்கியைத் தொடாதவள் சுடுகிற சுடுதல் அல்ல அது. மாரிட் தாளைப் பார்க்க நடந்தாள். ஓர்வல் பழக்க தோஷத்தில் குனிந்து, சூடு ஆறாத மூன்று கூடுகளையும் பொறுக்கினார். பொறுக்கிய கை அப்படியே நின்றது.

கடைக் கூடு என்றால் கூட்டை வெளியே இழுக்கிற துப்பாக்கிக் கொக்கி அதன் விளிம்பில் ஒரு முறைதான் கீறியிருக்கும். இதில் கீறலுக்கு மேல் கீறல். பல முறை சுட்ட கூடு. கழுத்துக்குக் கீழே மயில்நீலத்தில் ஒரு மெல்லிய கோடு, மூன்றிலும் ஒரே உயரத்தில். யாரோ தீயில் காட்டி இளக்கியிருக்கிறார்கள். உள்வாய் சீவி வழுவழுப்பாக இருந்தது. மனிதன் கையெழுத்தை மாற்றி எழுதிவிடலாம், பித்தளை வேலையை மாற்றிச் செய்ய முடியாது. கார்லீனின் வீட்டில் இப்படிச் செய்யக்கூடிய ஆள் ஒருவர்தான். லேத்துக்காரர்.

ஓர்வலுக்கு மனம் கசந்தது. பொய் சொன்னாளே என்று இல்லை. அந்தப் பொய் தன் மனம் நோகக் கூடாது என்று சொன்னது என்பது அவருக்குப் புரியாமலா? அவள் ராய்ஸ் நிரப்பியதைச் சுடுகிறாள். பல வருஷமாகச் சுடுகிறாள். எந்த மேசையில் அவள் சாப்பிடுகிறாள் என்பதைப் பித்தளை சொல்லிவிட்டது. அவர் நகத்தால் கழுத்தின் வாயைச் சுற்றித் தடவினார். ஒரு கீறல், ஒரு சொரசொரப்பு, நீலக்கோடு கொஞ்சம் கீழிறங்கின அடையாளம், ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று தேடினார். கிடைத்தால், இது ஆபத்தும்மா, இதைச் சுடாதே, இந்தா என்னுடையது என்று நியாயமாகவே சொல்லலாம். ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைக்காவிட்டால்தான் என்ன? சும்மா சொன்னாலே அவள் நம்புவாள். இந்த விஷயத்தில் அப்பா சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டாள். வார்த்தை நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது.

"எப்பிடிப்பா?" தாளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தாள் மாரிட். சின்ன வயதில் பரிட்சைத் தாளைக் காட்டுகிற அதே முகம்.

"பிரமாதம்" என்றார் ஓர்வல். "தோட்டாவும் நல்ல தோட்டா." கூடுகளைக் கோட்டின் இடது பையில் போட்டுக்கொண்டார்.

அவள் கண் அந்தப் பைக்குப் போனது, திரும்பி வந்தது. திருப்பிக் கொடு என்று கேட்க முடியாதே. கடையில் வாங்கினவளுக்கு வெற்றுக் கூடு எதற்கு?

மத்தியானம் வரை ஓடைப் பள்ளங்களில் நடந்தார்கள். சேஜ் புதர்களில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கிழக்குச் சரிவில் ஒரு ஆண் மான் எழுந்து நின்றது. மாரிட் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, ஒரே ஒரு குண்டு. மான் நாலடி போய்ச் சாய்ந்தது. வேறு யாராக இருந்தாலும் மானைப் பார்த்து ஓடியிருப்பார்கள். அவளும் ஓடத்தான் போனாள். பிறகு நின்று, திரும்பி, துப்பாக்கி துப்பிய கூட்டைத் தேடிப் புதருக்கடியில் மண்டியிட்டாள்.

"என்னம்மா தேடற?"

"ஒண்ணுமில்லப்பா. குப்பை போடக் கூடாதேன்னு."

"ஆமாமா, போடக் கூடாது" என்று அவரும் மண்டியிட்டார். ஆரஞ்சு மேலங்கி போட்ட இரண்டு பேர், அங்கே மான் கிடக்க, இங்கே ராய்ஸ் டுப்ரேயின் பித்தளையை ஈரப் புல்லில் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஓர்வலுக்குச் சிரிப்பு வந்தது. கூடு அவர் கைக்குத்தான் அகப்பட்டது. ஒன்றும் சொல்லாமல் அதையும் இடது பையில் போட்டார். "விடும்மா, அப்புறம் நான் பாத்துக்கறேன்."

மானைக் கிழித்துச் சுத்தம் செய்யும்போது பேச்சு தேவைப்படவில்லை. அவள் காலைப் பிடித்தாள், அவர் அறுத்தார். கத்தி வேண்டும் என்று அவர் கையை நீட்டுமுன் கத்தி கைக்கு வந்தது. அந்த ஒரு மணி நேரம் ஓர்வல் சந்தோஷமாக இருந்தார். ராத்திரி ஈரலை வெங்காயத்தோடு வதக்கிச் சாப்பிட்டார்கள். அவள் ஆஸ்பத்திரிக் கதை சொன்னாள். பல் பிடுங்க வந்த ஆள் டாக்டரின் விரலைக் கடித்த கதை. அவர் சிரித்தார். கேட்க நினைத்த நூறு விஷயத்தில் ஒன்றிரண்டைக் கேட்டும் விட்டார். காபியில் இன்னும் பால் ஊற்றுகிறாளாம்.

ஞாயிறு காலையில் இறைச்சிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். லைல் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது, அவளைக் கூட்டிப் போய்க் காட்ட முடியவில்லை. மாரிட் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தப் போனபோது ஓர்வல் ஒரு கைக்குட்டை முடிச்சை நீட்டினார்.

"என்னப்பா?"

"பிரிச்சுப் பாரு."

நாலு கூடுகள். அலசித் துடைத்து, பளிச்சென்று. மாரிட்டின் முகம் சிவந்தது.

"அவருக்குக் கொண்டுபோய்க் குடு" என்றார். "இந்த ரகம் இப்பக் கிடைக்காது. அவருக்கு வேண்டியிருக்கும்."

"அப்பா... எப்பிடித் தெரிஞ்சுது?"

"பாத்தாத் தெரியாதா?"

"நீ வருத்தப்படுவேன்னுதான் நான்..."

"தெரியும்மா."

"நான் கேக்கல அவர்கிட்ட. அவராத்தான் வருஷா வருஷம் செஞ்சு குடுப்பாரு. வேணாம்னு சொல்ல..."

"வேணாம்னு ஏன் சொல்லணும்? கழுத்து நல்லா இருக்குன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. அவருக்குப் புரியும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திடீரென்று ஏதோ தோன்றியவளாக, பயந்துபோய்க் கேட்டாள். "நீ எனக்குன்னு ஏதாவது செஞ்சு வச்சிருந்தியாப்பா?"

வலது பையில் பெட்டி இருந்தது. கை அதன் மேல்தான் இருந்தது.

"இல்லம்மா. உன் பழைய கூடெல்லாம் கழுத்து வெடிச்சுப்போச்சு. எப்பவோ தூக்கிப் போட்டுட்டேன்."

மாரிட் மூச்சு விட்டாள். அவள் தோள் இறங்கியது, முகம் தெளிந்தது. அந்த நிம்மதியைப் பார்ப்பதுதான் ஓர்வலுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. எட்டி அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். அடுத்த வருஷம் வருகிறேன் என்றாள். வரலாம், வராமலும் இருக்கலாம். வண்டி ஜல்லிப் பாதையில் போய், நெடுஞ்சாலையில் திரும்பி, மேட்டுக்கு அப்பால் இறங்கியது. புழுதி அடங்கும்வரை நின்றார்.

பிறகு ஷெட்டுக்குப் போனார். அந்தத் தோட்டாவைச் சுடுகிற துப்பாக்கி இந்த வீட்டில் இல்லை. துப்பாக்கியில்லாத தோட்டாவை நிரப்பி வைப்பது முறையும் அல்ல. குண்டு பிடுங்கும் சுத்தியலை எடுத்தார். அதன் தலைக்குள் தோட்டாவைத் தலைகீழாகச் சொருகி மரக்கட்டையில் அடித்தால், அதிர்ச்சியில் குண்டு நழுவி விழும், மருந்தும் கொட்டும். பிடி தளர்ந்த கழுத்தென்றால் ஒரு தட்டு போதும்.

முதல் தோட்டாவை அடித்தார். அசையவில்லை. ஓங்கி அடித்தார். மறுபடி ஓங்கினார். விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மணிக்கட்டு வலித்தபிறகுதான் குண்டு கழன்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். எது எவ்வளவு அடிக்கு விடுகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே அடித்தார். கடைசித் தோட்டா வரை எல்லாவற்றுக்கும் ஒரே பிடி, முன்னே பின்னே இல்லை.

கழுத்து நன்றாகத்தான் இருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது ஓர்வலுக்கு. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, சொன்னால் புரிகிற ஆள் யார் என்று யோசித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.